சில்லு இறங்கியதா, இல்லையா? பயிற்சி விமானத்தின் கியர் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பயிற்சி விமானங்களில் நான் கை வைத்த பழுதுகளில் பெரும் பங்கு சில்லும் அதைச் சுற்றியுள்ள சாமான்களும்தான், இவை சேர்ந்ததைத்தான் கியர் என்போம். எஞ்சின் பாவம், அதற்குக் கெட்ட பெயர் மட்டும். கொழும்புக்குக் கிட்டே உள்ள இரத்மலானையில் இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நெடுந்தூரப் பறப்பாக வரும் மாணவர்களும், இங்கிருந்து போய் சென்னையிலும் ரொறன்ரோவிலும் பழகுகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆகவே அறிகுறியை வைத்து எழுதுகிறேன். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கரையும் காரணம் கடைசியில்.

முதல் பாதி, சில்லு மடங்குகிற பைப்பர் அரோ, செஸ்னா 172 ஆர்ஜி போன்றவற்றுக்கு. பிற்பாதி பெரும்பாலும் சில்லு மடங்காத செஸ்னா 152, 172 ஓட்டுபவர்களுக்கு. ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு எண்கள் மாறும். உங்கள் விமானத்தில் இருக்கும் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி.

ஒரு விசயம் மட்டும் முன்கூட்டியே. ஆகாயத்தில் கியர் கோளாறு அவசரக் கோளாறு இல்லை. எஞ்சின் ஓடுகிறது, விமானம் பறக்கிறது, தாங்கியில் பெற்றோல் இருக்கும்வரை நேரமும் உண்டு. இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றி வரும் சுற்றில் இருந்துகொண்டே கருவிப் பலகைக்குக் கீழே குனிந்து பிரேக்கர் (மின்சாரம் மிஞ்சினால் துண்டிக்கும் பொத்தான்) தேடுவதுதான் ஆளை விழுத்தும். சுற்றை விட்டு வெளியே வாருங்கள், உயரத்தை நிலையாக்குங்கள், கோபுரத்துக்குச் சொல்லுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பறக்க, மற்றவர் பார்க்க வேண்டும். தனியே பறக்கிற மாணவர் என்றால் ஒரு பார்வை உள்ளே, நாலு பார்வை வெளியே.

## கியர் லீவரை இறக்கினேன், ஒரு பச்சை விளக்கும் எரியவில்லை

அரோவில் ஒவ்வொரு சில்லும் இறங்கிப் பூட்டியதும் அதற்கான பச்சை எரியும். மூன்று பல்பும் ஒன்றாகச் சாவது அபூர்வம். ஆகவே சில்லைச் சந்தேகிக்க முதல், பல்பை அல்ல, விளக்குகளின் சுவிச்சையும் மின்சாரத்தையும் சந்தேகியுங்கள்.

அரோவில் இரவில் கண் கூசாமல் இருப்பதற்காக, நவிகேஷன் விளக்கையோ கருவிப் பலகை விளக்கையோ போட்டதும் கியர் விளக்குகள் தானாக மங்கிவிடும். எந்த சுவிச் என்பது விமானம் செய்த ஆண்டைப் பொறுத்தது. எங்கள் ஊர்ப் பகல் வெயிலில் மங்கிய பச்சைக்கும் எரியாத பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. விமானத்துக்குள் நடக்கும் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"சேர், ஒரு பச்சையும் வரேல்லை!"

"நவ் லைற் போட்டிருக்கிறியோ தம்பி?"

"ஓம் சேர்."

"நிப்பாட்டிப் பார்."

மூன்றும் பளிச்சென்று வரும்.

வரவில்லையா? அடுத்தது பிரேக்கர். கியர் பம்புக்கு ஒன்று, கியர் விளக்குக்கு ஒன்று இருக்கும். விரலால் தடவிப் பார்த்தால் வெளியே தள்ளி நிற்பது கையில் படும். கண்ணால் தேடுவதைவிட இது விரைவு. தள்ளியிருந்தால் கொஞ்சம் ஆறவிட்டு ஒரே ஒரு தடவை உள்ளே அமத்துங்கள். திரும்பவும் தள்ளினால் விட்டுவிடுங்கள், எங்கோ வயர் சூடாகிறது என்று அர்த்தம்.

அதற்கடுத்து மின்சாரம். றேடியோவும் மங்குகிறதா, அம்பியர் மானி இறக்கத்தைக் காட்டுகிறதா? அப்படியானால் கோளாறு கியரில் இல்லை, ஓல்ற்றர்னேற்றரில். பற்றரியில் மிச்சம் இருக்கும்போதே சில்லை இறக்கிவிடுவது நல்லது. பற்றரி முழுதாகச் செத்தாலும் அரோவில் பயமில்லை. அதில் சில்லை மேலே பிடித்து வைத்திருப்பது ஹைட்ரோலிக் அழுத்தம் மட்டுமே. அழுத்தத்தைத் திறந்துவிட்டால் சில்லு தன் பாரத்தில் விழும். விளக்குகள் காட்டாது, அவ்வளவுதான்.

விளக்கு இல்லாமலே சில்லு இறங்கியதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. லீவரைப் போட்டதும் பம்ப் மோட்டர் சில விநாடிகள் இரைந்துவிட்டு நிற்க வேண்டும். விமானத்தின் மூக்கு சற்று அசைய வேண்டும், வேகம் குறைய வேண்டும். பம்ப் சத்தமே வரவில்லை என்றால் விளக்குப் பிரச்சினை இல்லை, "சில்லு இறங்கவே இல்லை" என்ற தலைப்புக்குப் போங்கள்.

## இரண்டு பச்சை எரிகிறது, ஒன்று இருட்டு

கோளாறுகளிலேயே அதிகம் வருவது இதுதான், அதிகம் பயப்படுத்துவதும் இதுதான்.

முதலில் சிவப்பு எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். சில்லு பாதி வழியில் இருக்கும்போது எரிந்து, மூன்றும் பூட்டியதும் அணைவது அது. சில மாடல்களில் அது மஞ்சள்.

எச்சரிக்கை விளக்கு அணைந்திருக்கிறது, ஒரு பச்சை மட்டும் இல்லை. பெரும்பாலும் பல்ப். அரோவில் மூன்று பச்சை பல்பும் ஒரே வகை, கையால் இழுத்துக் கழற்றலாம். எரிகிற ஒன்றைக் கழற்றி இருட்டான இடத்தில் போடுங்கள். எரிந்தால் பல்ப் செத்தது, சில்லு சரி. கழற்றும்போது மற்றக் கையைக் கீழே ஏந்திப் பிடியுங்கள். அந்த பல்ப் சுண்டுவிரல் நகம் அளவு. அது பெடலுக்குள் விழுந்து, அதைத் தேடிக் குனிந்து, தலை நிமிர்கையில் விமானம் சரிந்து நிற்பது நடக்கிற கதை. 172 ஆர்ஜியில் மூன்று பச்சைக்குப் பதிலாக ஒரே பச்சைதான். சில்லு மேலே என்பதற்கு ஒரு மஞ்சளும் உண்டு. விளக்கை அமத்தினால் பல்ப் நல்லதா என்று தெரிந்துவிடும். இறக்கை மேலே இருப்பதால் பின் சில்லுகளை யன்னலால் எட்டிப் பார்க்கவும் முடியும்.

எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. அப்படியானால் ஒன்றில் சில்லு பூட்டவில்லை, அல்லது பூட்டியதைச் சொல்லும் மைக்ரோ சுவிச் பொய் சொல்கிறது. மேலே இருந்துகொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே பூட்டவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறையுங்கள். எதிர்க்காற்றில் முன்னோக்கி விரிந்து இறங்கும் மூக்குச் சில்லு கீழே வரத் திணறும், மெதுவாகப் பறந்தால் பூட்டிக்கொள்ளும். அதற்கும் அசையாவிட்டால் காலால் சுக்கானை இடமும் வலமும் உதைத்து விமானத்தை ஆட்டுங்கள். பின் சில்லுகளுக்கு இது நல்ல மருந்து.

பச்சை வந்துவிட்டதா? சரி, இனி லீவரில் கை வைக்காதீர்கள். "ஒருக்கா ஏத்திப்போட்டு இறக்கிப் பாப்பம், ஏன் வந்ததெண்டு தெரியும்" என்ற ஆர்வம் ஒவ்வொரு மாணவருக்கும் வரும். காரணத்தை நாங்கள் தரையில் ஜாக்கியில் ஏற்றிவைத்துப் பார்த்துக்கொள்வோம். பூட்டிய சில்லோடு வந்து இறங்குவது மட்டுமே உங்கள் வேலை.

தரையில் பார்க்கும்போது இந்தக் கோளாறின் காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். மைக்ரோ சுவிச்சின் நாக்கில் அப்பிய அழுக்கு, உப்பில் பச்சை பூத்த வயர் முனை, தளர்ந்த ஒரு ஸ்குரூ. வலிகாமத்துச் செம்மண் தூசி எண்ணெய் கண்ட இடமெல்லாம் ஒட்டும், கடலும் கிட்டத்தில். இங்கே இரண்டு நாள் வெளியே நின்ற விமானத்தின் சுவிச்சை, கொட்டகைக்குள் இரண்டு மாதம் நின்றதன் சுவிச்சைவிடச் சந்தேகத்தோடு பார்ப்பேன். துடைப்பது சுலபம்தான். ஆனால் துடைத்த பிறகு விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, சில்லைப் பல தடவை மடக்கி இறக்கிப் பார்த்தபின்பே கையெழுத்து வைக்கலாம். அது உரிமம் பெற்ற பொறியியலாளரின் வேலை. துணியும் கையுமாக நீங்களே சில்லுக் கூட்டுக்குள் தலையை விடாதீர்கள். லீவர் மேலே இருக்க யாராவது மாஸ்ரர் சுவிச்சை (விமானத்தின் முழு மின்சாரத்துக்குமான சுவிச்) போட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

## சில்லு இறங்கவே இல்லை

பம்ப் சத்தம் இல்லை, விளக்கு இல்லை, வேகமும் குறையவில்லை. மாஸ்ரர் சுவிச், பம்ப் பிரேக்கர், லீவர் உண்மையில் கீழேதானா என்ற மூன்றையும் பார்த்துவிட்டீர்கள். இனி அவசர முறை.

அரோ பிஏ-28ஆர்-201 இல் வேகத்தை 87 நொட்டுக்குக் (மணிக்கு 87 கடல் மைல்) கீழே கொண்டுவந்து, லீவரைக் கீழே வைத்து, இருக்கைகளுக்கு இடையில் உள்ள அவசர லீவரை கீழே அமத்திப் பிடியுங்கள். தொட்டுவிட்டு விடக்கூடாது, பிடித்தபடி இருக்க வேண்டும். எண்ணெய் வழிந்து சில்லு விழும்வரை சில விநாடி எடுக்கும். பிறகு சுக்கானை உதைத்து ஆட்டுங்கள். இந்த மாடலில் சாதாரணமாகச் சில்லு இறக்க உச்ச வேகம் 129 நொட், மடக்க 107 நொட். அவசரத்தில் 87 என்று இவ்வளவு குறைத்திருப்பதற்குக் காரணம், பம்ப் தள்ளாமல் சில்லு தானாக விழ வேண்டும் என்பதே.

172 ஆர்ஜியில் முன் இருக்கைகளுக்கு நடுவே கைப்பம்ப் இருக்கிறது. கைப்பிடியை நீட்டி, கை கனக்கும்வரை அடிக்க வேண்டும். கையேடு சொல்வது சுமார் 35 அடி. பாதியில் களைத்து நிறுத்தினால் சில்லும் பாதியில் நிற்கும். ஒருவர் அடிக்க மற்றவர் பறப்பதற்காகத்தான் முதலிலேயே சுற்றை விட்டு வெளியே வரச் சொன்னேன்.

கைப்பம்பில் அழுத்தமே வரவில்லை என்றால் எண்ணெய் ஒழுகிவிட்டது. பறக்கும் விமானத்தில் அதற்குச் செய்ய எதுவும் இல்லை.

## எல்லாம் செய்தாயிற்று, இன்னும் பூட்டவில்லை

இனிப் பழுது பார்ப்பது முடிந்தது, இறங்குவது எப்படி என்பதே கேள்வி.

கோபுரத்துக்குக் கிட்டே தாழப் பறந்து பார்க்கச் சொல்லலாம். மூன்று சில்லும் தொங்குகிறதா என்று அவர்களால் சொல்ல முடியும். பூட்டியிருக்கிறதா என்று எவராலும் தூரத்தில் இருந்து சொல்ல முடியாது. "சேர், மூண்டும் தெரியுது எண்டு சொன்னவை" என்பதைப் பூட்டியதற்கான அத்தாட்சியாக எடுக்கக்கூடாது.

எங்கே இறங்குவது? பெற்றோல் நிறைய இருந்தால் யோசிக்க நேரம் உண்டு. தீயணைப்பு வண்டி தயாராக நிற்கும் இடம், நீளமான பாதை, எதிர்க்காற்று, இந்த மூன்றும் எங்கே சேர்கிறதோ அங்கே. பலாலிப் பாதை 05 (வடகிழக்கு), 23 (தென்மேற்கு) என்ற திசைகளில் கிடப்பதால் தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும் மாதங்களில் 23 இல் காற்று நேர் முகத்தில் வரும், வடகிழக்கு வாடைக் காலத்தில் 05 இல். மேற்கிலிருந்து கச்சான் பலத்து அடிக்கிற நாளில் பக்கக் காற்று வந்துவிடும், ஒரு பக்கச் சில்லு பூட்டாத விமானத்துக்கு அது நல்லதில்லை. பெற்றோலும் பகல் வெளிச்சமும் இடம் கொடுத்தால் கட்டுநாயக்காவின் 3,350 மீற்றர் பாதை பற்றி உங்கள் பயிற்றுநரோடும் பள்ளியோடும் றேடியோவில் பேசுங்கள். இந்த முடிவை மாணவர் தனியே எடுக்கத் தேவையில்லை.

புல்லில் இறங்கினால் மெதுவாக இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. எனக்கு இல்லை. தார்ப் பாதையில் வயிறு உரசினால் தீப்பொறி பறக்கும், விமானம் நேராகச் சறுக்கி நிற்கும். மண்ணில் ஒரு விளிம்பு குத்தினால் விமானம் சுழலும்.

மூக்குச் சில்லு மட்டும் பூட்டவில்லை என்றால் சாதாரணமாக இறங்கி, வளையத்தை (கையில் பிடித்து ஓட்டும் பிடி) பின்னுக்கு இழுத்து, மூக்கை முடிந்தவரை காற்றில் வைத்திருங்கள். பிரேக் வேண்டாம். ஒரு பின் சில்லு மட்டும் பூட்டவில்லை என்றால், மற்ற இரண்டையும் மடக்கி வயிற்றில் இறங்குவதா என்பதற்கு உங்கள் மாடலின் கையேட்டில் பதில் இருக்கும். கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள், நெரிந்தால் திறக்காமல் போகலாம். பாதையைத் தொடுவது உறுதி என்றான பிறகே பெற்றோல், மிக்சர் (பெற்றோல்-காற்றுக் கலவை லீவர்), மின்சாரம் எல்லாம் நிறுத்துங்கள். எஞ்சின் சுழற்றும் காற்றாடியைக் காப்பாற்ற உயரத்திலேயே எஞ்சினை நிறுத்துவது படங்களில் வரும் வித்தை. தூரம் போதாமல் போனால் அதைத் திருப்பிப் போட முடியாது. இறங்கியபின் அந்த விமானம் காப்புறுதி நிறுவனத்தின் சொத்து. நீங்கள் நடந்து வெளியே வந்தால் போதும்.

## ஏறிய பிறகு சில்லு மடங்க மறுக்கிறது

இது சுலபம். மடங்காவிட்டால் மடங்க வேண்டாம். லீவரைக் கீழே வையுங்கள், பச்சையைப் பாருங்கள், சுற்றி வந்து இறங்குங்கள். 107 நொட்டுக்கு மேலே போய் மடக்கப் பார்த்தீர்களா, பிரேக்கர் தள்ளியதா என்பதை இறங்கிய பின் யோசிக்கலாம். அரோவில் பெரும்பாலும் பின் சில்லில் இருக்கும் தரை சுவிச்தான் காரணமாக இருக்கும். விமானம் தரையில் நிற்கிறது என்று அது நினைத்துக்கொண்டிருந்தால் பம்ப் வேலை செய்யாது. சுவிச்சைத் துடைப்பதோ சரிசெய்வதோ பொறியியலாளர் வேலை.

## நேராகப் பறக்கும்போது பம்ப் அடிக்கடி இரைகிறது

சில்லு மேலே இருக்கையில் அழுத்தம் குறைந்தால் பம்ப் தானாக ஓடி நிரப்பும். நீண்ட பறப்பில் எப்போதாவது ஒரு தடவை என்றால் கவலை இல்லை. அனுராதபுரம் தாண்டி வவுனியா வருவதற்குள் திரும்பத் திரும்ப இரைகிறது என்றால் எண்ணெய் எங்கோ ஒழுகுகிறது. உள்ளே வால்வில் ஒழுகினால் செலவு நடுத்தரம், வெளியே குழாயில் ஒழுகினால் வயிற்றுத் தகட்டில் சிவப்புக் கோடு தெரியும். பம்பையே மாற்ற வேண்டி வந்தால் செலவு கூடும்.

நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதா? பம்ப் பிரேக்கரை இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டர் கருகும். அரோவில் அதன் பின் சில்லு மெல்ல மெல்லத் தானாக இறங்கத் தொடங்கலாம். ஆகவே 129 நொட்டுக்குக் கீழே இருங்கள். இறங்கும்முன் பிரேக்கரைத் திரும்ப அமத்தி, லீவரை இறக்குங்கள்.

## இறங்கி ஓடும்போது மூக்கு படபடவென்று ஆடுகிறது

செஸ்னா ஓட்டுகிறவர் எல்லோரும் ஒரு நாள் இதைச் சந்திப்பார்கள். கருவிப் பலகையே தெரியாத அளவுக்கு ஆடும். அந்த நேரம் பிரேக்கை மிதிக்காதீர்கள். பாரம் முன்னே சாய்ந்து ஆட்டம் கூடும். வளையத்தைப் பின்னுக்கு இழுத்து மூக்கின் பாரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

பிறகு காரணம் தேடலாம்.

முதலில் ரயர் காற்று. 152 இல் மூக்குச் சில்லுக்கு 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்), பின் சில்லுக்கு 21. 172என் மாடலில் சிறிய மூக்கு ரயருக்கு 31, பின்னுக்கு 29. "கண்ணால பாத்தால் தெரியும்" என்பது சைக்கிளுக்குச் சரி. மூக்கு ரயர் சின்னது, பத்து பி.எஸ்.ஐ. குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மானி வைத்துப் பாருங்கள். ரயரில் ஒரு இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் சுற்றிப் பாருங்கள்.

அடுத்து மூக்குச் சில்லின் கத்தரிக்கோல் போன்ற டோர்க் இணைப்பைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால், 'கடக்' என்று சத்தம் வந்தால் அதன் மூட்டுக்குள் இருக்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்துவிட்டது. புஷ் சின்னச் சாமான், மலிவுதான். ஆனால் அதை விட்டுவிட்டு, ஆட்டத்தை அடக்கும் டாம்பரை மாற்றிப் பணம் கொட்டியவர்கள் ஏராளம். டாம்பரைச் சந்தேகிக்க வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான். அதில் எண்ணெய் ஒழுகிய அடையாளம் இருந்தால், அல்லது கையால் தள்ளும்போது எதிர்ப்பே இல்லாமல் வெறுமையாக ஓடினால், கழற்றி நிரப்பவோ மாற்றவோ வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால் சில்லின் பேரிங், சுக்கான் தண்டின் முனைகள், பிறகு எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீச்சுவரில், மூக்குச் சில்லைத் தாங்கி அதிர்வை வாங்கும் ஸ்ரட் பிடித்திருக்கும் இடம். கடைசியாகச் சொன்னதில் அசைவு தெரிந்தால் அந்த விமானம் அங்கேயே நிற்க வேண்டும். பறந்து கொண்டுபோய்ப் பார்ப்போம் என்பது இல்லை.

## மூக்கு தாழ்ந்து நிற்கிறது

விமானத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காற்றாடி நுனி தரைக்குக் கிட்டே வந்திருக்கிறதா? செஸ்னாவில் ஸ்ரட்டின் பளபளப்பான குழாய் இரண்டு அங்குலம் அளவில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உள்ளே காற்று இல்லை. 152 இல் ஸ்ரட்டுக்கு 20 பி.எஸ்.ஐ., 172என் இல் 45.

பளபளப்பான குழாயைச் சுத்தமான துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். பலாலியில் நின்ற விமானத்தில் துணியில் வருவது வெறும் எண்ணெய் இல்லை, செம்மண்ணும் சிவப்பு ஹைட்ரோலிக் எண்ணெயும் குழைந்த களி. அந்தக் களி ஓரத்தில் காய்ந்து நின்று, ஸ்ரட் மேலும் கீழும் போகும்போது உள்ளே எண்ணெயை அடைத்து நிற்கும் ஓ ரிங் என்ற றப்பர் வளையத்தைத் தேய்க்கும். இங்கே வந்து போகும் விமானங்களுக்கு நான் சொல்லும் ஒரே பராமரிப்பு இதுதான். ஒவ்வொரு பறப்புக்கும் முன் ஹைட்ரோலிக் எண்ணெய் நனைத்த துணியால் அந்தக் குழாயைத் துடைத்துவிடுங்கள். காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், மண் கீறும்.

துடைத்த இடத்தில் ஒரு மணித்தியாலத்தில் திரும்ப ஈரம் வந்தால் ஓ ரிங் போய்விட்டது. ஈரம் இல்லாமல் வெறும் காற்று மட்டும் குறைந்திருந்தால் வால்வைப் பாருங்கள், சவர்க்காரத் தண்ணி வைத்தால் குமிழ் வரும். குழாயில் நகம் தடக்கும் அளவுக்குக் கீறலோ துருப் புள்ளியோ இருந்தால் ஓ ரிங் மாற்றியும் பயனில்லை, ஒரு மாதத்தில் திரும்ப ஒழுகும். அங்கேதான் செலவு.

ஸ்ரட்டுக்கு காற்றடிப்பதை ரயருக்கு அடிப்பது மாதிரி நினைக்காதீர்கள். வால்வைத் தவறாகக் கழற்றினால் எண்ணெயும் உலோகமும் முகத்தில் அடிக்கும். இதைப் பொறியியலாளரிடம் விடுங்கள்.

## பிரேக் பெடல் உள்ளே போகிறது, அல்லது ஒரு பக்கம் இழுக்கிறது

இழுப்பதற்கு மலிவான காரணம் உங்கள் கால். பயப்படுகிற மாணவரின் பாதம் பெடலின் மேல் விளிம்புக்கு ஏறிவிடும், அவருக்கே தெரியாது. குதிகாலைத் தரையில் வையுங்கள். கை பிரேக் பாதி இழுபட்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் குழாயில் காற்று, அல்லது எண்ணெய் குறைவு. வேகமாகப் பல தடவை மிதித்தால் தற்காலிகமாக வரும், இறங்குவதற்கு அது போதும். மெல்ல மெல்லத் தானாக உள்ளே போனால் மாஸ்ரர் சிலிண்டரின் ஓ ரிங். சில்லின் உட்பக்கத்தில் சிவப்பு எண்ணெய் சொட்டினால் சில்லில் உள்ள சிலிண்டர். டிஸ்கை அமத்திப் பிடிக்கும் லைனிங்கின் கனம் 0.100 அங்குலத்துக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும், அது இரண்டரை மில்லிமீற்றர். கடற்காற்றில் நின்ற டிஸ்கில் ஒரே இரவில் செந்துரு பூக்கும். மெதுவாக உருட்டி இரண்டு தடவை பிரேக் பிடித்தால் துடைந்துவிடும். குழி விழுந்த துருவாக இருந்தால் டிஸ்க் போனது.

இறங்கிய பிறகு பிரேக் இல்லை என்று தெரிந்தால், பாதை மீதம் இருந்தால் திரும்ப ஏறிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் அதை மெதுவாகவும், எதிர்ப்பக்கச் சுக்கானோடும் மிதியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரேக் நன்றாக இருந்தும் பிடிக்காத நேரம் உண்டு, ரயர் தண்ணியின் மேல் மிதப்பதால். ரயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் நொட்டில் கிடைக்கும். 29 பி.எஸ்.ஐ. என்றால் 48 நொட் அளவு, 21 என்றால் 41. காற்றுக் குறைந்த ரயர் இன்னும் மெதுவான வேகத்திலேயே மிதக்கும். பிரேக்கைக் குறை சொல்ல முன் ரயரைப் பாருங்கள்.

பின் ரயர் ஒன்று ஏறும்போதே வெடித்தது தெரிந்தால், நல்ல ரயரில் முதலில் இறங்குங்கள். வெடித்த பக்கத்தை எயிலிறனால் (இறக்கை ஓரத்தில் அசையும் தகடு) முடிந்தவரை தூக்கிப் பிடியுங்கள்.

## பலமாக இறங்கிவிட்டது

"கொஞ்சம் அடிச்சுப் போட்டுது சேர்" என்று மாணவர் சொன்னால், கொஞ்சம் என்ற சொல்லை நான் கணக்கில் எடுப்பதில்லை.

செஸ்னாவில் முதலில் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீச்சுவரைப் பாருங்கள். தகட்டில் சுருக்கம், றிவெற்றைச் சுற்றிக் கருமை, பெடல் முன்பைவிட இறுக்கம், எஞ்சின் மூடிக்கும் உடலுக்கும் இடையில் ஒரு பக்கம் மட்டும் இடைவெளி, இதில் எது தெரிந்தாலும் விமானம் நிற்க வேண்டும். காற்றாடி நுனியில் விரலை ஓட்டுங்கள். சுருண்டோ கீறியோ இருந்தால் அது தரையைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு எஞ்சினைத் திறந்து பார்க்காமல் பறக்க முடியாது. பணம் கரையும் கோளாறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

## பொறியியலாளரைக் கூப்பிடும்போது

விமானத்தை நகர்த்த முன் படம் எடுத்து அனுப்புங்கள். பலாலி விமானப்படை முகாமும்தான், ஆகவே போனை வெளியே எடுக்க முதல் அங்கே நிற்பவரிடம் கேட்டுவிடுங்கள். பிறகு பழுதுப் பதிவேட்டில் எழுதுங்கள். "மூக்கு ஆடியது" என்று எழுதினால் நான் ஸ்பனர், ஜாக்கி, டாம்பர், ரயர் எல்லாம் கட்டிக்கொண்டு வர வேண்டும். "23 இல் இறங்கி, வேகம் குறையும்போது ஆடியது, வளையத்தை இழுத்ததும் நின்றது, மூக்கு ரயர் 22 பி.எஸ்.ஐ. இருந்தது" என்று எழுதினால் ஒரு காற்று மானியும் ஒரு புஷ் பெட்டியும் போதும்.